காணொளிக்குக் காது இல்லை

தைப்பூசம் நெருங்குகிறது என்பதைப் பினாங்கில் நாள்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாலை வேளையில் அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்திலும் பூப்பந்துத் திடலின் ஓரத்திலும் உறுமி முழங்கத் தொடங்கினால் போதும். பள்ளிச் சீருடையைக் கழற்றிவிட்டு வந்த ஐந்தாறு பேர் வட்டமாக நிற்பார்கள். நடுவில் ஒரு கைப்பேசி இருக்கும். அதில் ஓடும் காணொளியைப் பார்த்துக் கேட்டு, நிறுத்தி, மறுபடி ஓட்டி வாசித்துப் பழகுவார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்கு ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது.

வீட்டு அறையில் டிரம்ஸ் பழகும் மாணவர்களின் நிலையும் இதுதான். டிரம் செட் வாங்க வசதியில்லாதவர் தலையணையை அடிக்கிறார், மேசையைத் தட்டுகிறார். வசதி இருப்பவர் இரண்டாம் கைக் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு யூடியூப்பைத் திறக்கிறார். ஆறு மாதத்தில் சில பாடல்களுக்கு வாசிக்க வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஓராண்டு ஆனாலும் அதே பாடல்கள், அதே அடிகள். வேகமும் சத்தமும் மட்டுமே கூடியிருக்கும்.

இந்தத் தேக்கம் ஏன் ஏற்படுகிறது? திறமை இல்லாததால் அல்ல. தானாகக் கற்பது தவறு என்பதாலும் அல்ல. காணொளிக்கு வாய் இருக்கிறது, காது இல்லை என்பதே காரணம். அது நமக்கு ஆயிரம் அடிகளை வாசித்துக் காட்டும். நாம் வாசிப்பதை ஒருமுறைகூடக் கேட்காது. நம் கை எங்கே தடுமாறுகிறது, தாளம் எங்கே ஓடுகிறது என்று அது சொல்லப் போவதில்லை.

"நம் முன்னோர் மட்டும் என்ன வகுப்புக்குப் போயா கற்றார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தோட்டப்புறங்களில் தப்பும் உறுமியும் எழுதப்பட்ட பாடமாக வளரவில்லை. கேட்டும் பார்த்தும்தான் வளர்ந்தன. ஆனால், அன்று கற்ற இளைஞன் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றார். அடி தவறினால் அவர் முகம் சுளிப்பார். சில வேளைகளில் தலையில் ஒரு குட்டும் விழும். பாடப் புத்தகம் இல்லாவிட்டாலும், கேட்பதற்கு ஒரு காது இருந்தது. இன்று அந்தப் பெரியவரின் இடத்தில் கைப்பேசியை வைத்திருக்கிறோம். ஆகவே, தானாகக் கற்பவர் முதலில் தேட வேண்டியது இன்னொரு காணொளியை அல்ல, தம்மைக் கேட்கும் காதுகளை.

மேதைகளின் வீட்டில் யார் இருந்தார்கள்?

தானாகக் கற்றவர்கள் என்றதும் நம் மாணவர்கள் உடனே டிரம்ஸ் சிவமணியைச் சொல்வார்கள். சென்னையில் பிறந்த சிவமணி இசைக்கல்லூரியில் பாடம் படித்து வந்தவர் அல்லர். வாளி, பெட்டி, குடம் என்று கையில் கிடைத்த எதையும் கருவியாக்கிக் காட்டியவர். ஆனால், அவருடைய தந்தை எஸ். எம். ஆனந்தன் ஒரு டிரம்ஸ் கலைஞர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கருவியும் கலைஞர்களும் புழங்கிய வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர்.

அமெரிக்காவின் பட்டி ரிச் கதையும் இதையே சொல்கிறது. 1917-இல் பிறந்த அவர் இசைக் குறியீட்டைப் படிக்கவே கற்றுக்கொள்ளாதவர்; ஆயினும் ஜாஸ் உலகின் தலைசிறந்த டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவராகப் போற்றப்படுகிறார். அவருடைய பெற்றோர் மேடைக் கலைஞர்கள். நடை பழகும் வயதிலேயே அவர் மேடையேறிவிட்டார். பள்ளிக்குப் போகாமலே பாடம் கேட்ட குழந்தை என்றுதான் அவரைச் சொல்ல வேண்டும்.

இவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்த காதுகள் நம்மில் பலருக்குக் கிடைக்கவில்லை. எனவே அவற்றை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பணம் தேவைப்படாத வழிகள்தாம் அவை.

முதல் காது: மெட்ரோனோம்

சீரான இடைவெளியில் 'டிக் டிக்' என்று ஒலிக்கும் மெட்ரோனோம் கருவிக்கு 1815-இல் காப்புரிமை பெற்றவர் மெல்செல். இன்று அது இலவசச் செயலியாகக் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அதைப் பதிவிறக்கம் செய்யாமல் டிரம்ஸ் பழகுவது, அளவுகோல் இல்லாமல் கட்டடம் கட்டுவதற்கு ஒப்பானது.

நிமிடத்திற்கு 60 என்று வைத்துத் தொடங்குங்கள். ஒவ்வொரு 'டிக்'குக்கும் நான்கு அடி, வலது கையும் இடது கையும் மாறி மாறி விழ வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றும். இரண்டு நிமிடம் வாசித்துப் பாருங்கள். மெதுவாக வாசிக்கும்போது அடிகளுக்கு இடையிலான வெளி அகலமாக இருப்பதால், சிறு பிசகும் பளிச்சென்று தெரியும். வேகமாக வாசிக்கும்போது அதே பிசகு சத்தத்தில் மறைந்துகொள்ளும். வேகத்தை விரும்பும் பலர் உண்மையில் தங்கள் பிசகை மறைக்கவே விரும்புகிறார்கள். 60-இல் தொடர்ந்து ஐந்து நிமிடம் பிசகாமல் வந்த பிறகு 65, அதன் பிறகு 70 என்று கூட்டுங்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஒரே நாளில் நகராது.

அடுத்த படி ஒன்று உண்டு. மெட்ரோனோமின் ஒலியை நான்கு சுற்றுக்குக் கேட்டு, அடுத்த நான்கு சுற்றுக்கு நிறுத்திவிட்டு வாசியுங்கள். ஒலி திரும்பும்போது உங்கள் அடி அதன்மேல் சரியாக விழுகிறதா? சில செயலிகளில் இப்படி ஒலியை இடையில் நிறுத்தும் வசதியே இருக்கிறது. தாளம் கருவியிலிருந்து உங்கள் உடம்புக்குள் இறங்கிவிட்டதா என்பதை இந்தப் பயிற்சி காட்டிக் கொடுத்துவிடும்.

இது மேடைக்கு மட்டுமான விஷயம் அன்று. தைப்பூசத்தில் உறுமிக்கு முன்னால் நடப்பவர் காவடி சுமப்பவர். வெயிலில், வெறுங்காலில், தோளில் பாரத்தோடு தண்ணீர்மலை அடிவாரம் வரை அவர் வர வேண்டும். வாசிப்பவர்கள் உற்சாகத்தில் காலத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அந்த வேகத்தை அவருடைய கால்கள்தாம் ஏற்க வேண்டும். அங்கே காலப்பிரமாணம் என்பது இன்னொருவரின் மூச்சு.

நம் வாயிலேயே ஒரு பள்ளி

மேற்கத்திய டிரம்ஸ் உலகில் அடிப்படைப் பயிற்சிகளை 'ருடிமென்ட்' என்பார்கள். உலகெங்கும் பயன்படும் 40 ருடிமென்ட்களின் பட்டியலை அமெரிக்காவின் தாள வாத்தியச் சங்கம் 1984-இல் வெளியிட்டது. ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் 1935-இல் வெளியிட்ட 'ஸ்டிக் கண்ட்ரோல்' என்ற பயிற்சி நூல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சியையும் நிறுத்தாமல் 20 முறை வாசிக்கச் சொல்கிறது அந்நூல். தொடக்க நிலையில் இருப்பவர் 40-ஐயும் துரத்த வேண்டாம். ஒற்றை அடி, இரட்டை அடி, 'பாரடிடில்' ஆகிய மூன்று போதும். வலது, இடது, வலது, வலது; இடது, வலது, இடது, இடது. இதுதான் பாரடிடில். எந்தக் கை தொடங்கினாலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதே இதன் குறிக்கோள். இடது கை பலவீனமாக இருந்தால், ஒரு வாரம் எல்லாப் பயிற்சியையும் இடது கையிலேயே தொடங்குங்கள்.

இவற்றோடு நமக்கென்று ஒரு சொத்தும் இருக்கிறது. அதுதான் சொற்கட்டு. மிருதங்கமும் தவிலும் கற்போர் கையால் வாசிப்பதற்கு முன் வாயால் சொல்லிப் பழகுவார்கள். நான்குக்கு 'தகதிமி', மூன்றுக்கு 'தகிட', ஐந்துக்கு 'தகதகிட', ஏழுக்கு 'தகிடதகதிமி'. சதுஸ்ரம், திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று இவற்றுக்குப் பெயர். வாயால் சொல்ல முடிந்த தாளத்தைக் கை விரைவில் பிடித்துக்கொள்ளும். வாயில் குழறும் தாளம் கையிலும் குழறும்.

ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கையால் போட்டுக்கொண்டே, எண்ணிக்கைக்கு ஓர் எழுத்தாக 'தகிட, தகிட' என்று சொல்லுங்கள். கை எட்டில் சுற்றுகிறது. வாய் மூன்றில் சுற்றுகிறது. முதல் சுற்றின் முடிவில் இரண்டும் சேராது. இரண்டாம் சுற்றிலும் சேராது. மூன்று சுற்று முடியும்போது 24 எண்ணிக்கை ஆகியிருக்கும். எட்டாவது 'தகிட' முடிந்து, வாயும் கையும் ஒன்றாகத் தொடக்கத்துக்கு வரும். 'தகதகிட' என்றால் ஐந்து சுற்று தேவைப்படும். பேருந்தில் உட்கார்ந்துகூட இதைப் பழகலாம். கருவியும் வேண்டாம், அண்டை வீட்டாருக்கும் தொல்லை இல்லை.

இது பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்வது அன்று. 'ஜர்னி' என்ற ராக் குழுவில் வாசித்த அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவ் ஸ்மித் கொன்னக்கோலைத் தேடிக் கற்று, தம் வாசிப்பில் பயன்படுத்தி வருகிறார். கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னாவோடு சேர்ந்து குழுவும் அமைத்தார். அவர் கடல் கடந்து தேடிய ஒன்று நமக்குக் கோயில் மண்டபத்திலேயே ஒலிக்கிறது. திருவிழாவில் தவில் வாசிக்கும்போது, மேடைக்கு அருகில் பத்து நிமிடம் நின்று கேட்டாலே ஒரு பாடம் கிடைக்கும்.

இரண்டாம் காது: பதிவு

நாம் வாசிக்கும்போது நமக்குக் கேட்பதும் பிறருக்குக் கேட்பதும் ஒன்றல்ல. வாசிப்பவரின் மனத்தில் அவர் நினைத்த தாளம் ஓடிக்கொண்டிருக்கும். காதுக்கு வரும் உண்மையை அது மூடிவிடும். ஆகவே வாரத்துக்கு இரு முறையாவது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். மறுநாள் கேளுங்கள். சூடு தணிந்த பிறகுதான் குறைகள் தெரியும்.

கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டின் நடுவில் வரும் 'ஃபில்' பகுதிகளில் வேகம் கூடுகிறதா? கால் மிதிக்கும் பாஸ் டிரம்மும் கை அடிக்கும் சிம்பலும் ஒரே கணத்தில் விழுகின்றனவா, அல்லது ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறுகின்றனவா? எல்லா அடியும் ஒரே சத்தத்தில் இருக்கிறதா, அல்லது மெல்லிய அடிக்கும் வலுவான அடிக்கும் வேறுபாடு உண்டா? இவற்றுள் ஒன்றை மட்டும் அந்த வாரத்துக்கான வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் திருத்த முயன்றால் எதுவும் திருந்தாது.

காணொளியையும் இதே முறையில் பயன்படுத்தலாம். பத்துப் பேரின் பத்துக் காணொளியைப் பார்ப்பதைவிட, ஒருவரின் எட்டு நொடிப் பகுதியை எடுத்து, வேகத்தை 0.75 ஆகக் குறைத்து, முதலில் வாயால் சொல்லி, பிறகு கையால் வாசித்து, பதிவு செய்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மேல். அப்போதுதான் பார்ப்பது கற்பதாக மாறும்.

கையும் காதும் நம் சொத்து

வலுவாக அடிப்பவரே நல்ல வாசிப்பாளர் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. குச்சி தோலில் பட்டதும் தானாகவே எழும்பும். அந்த எழுச்சியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் பாதி உழைப்பிலேயே வாசிப்பார். குச்சியை இறுக்கிப் பிடிப்பவர் அந்த எழுச்சியைக் கொன்றுவிட்டு, ஒவ்வொரு முறையும் கையால் தூக்கி அடிக்கிறார். சில நிமிடங்களில் முன்கை இறுகும், மணிக்கட்டு வலிக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குச்சியைத் தாங்க, மற்ற விரல்கள் தளர்வாகச் சுற்றி நிற்கட்டும். வலி வந்தால் நிறுத்துங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரம் அன்று. தலையணையில் பழகுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தலையணை குச்சியை எழுப்பாது. மணிக்கட்டுக்கு அது நல்ல வேலை. ஆனால் அதில் மட்டுமே பழகினால் எழுச்சியைக் கையாளும் பக்குவம் வராது. ரப்பர் பயிற்சித் தட்டு ஒன்று இருந்தால் இரண்டும் கிடைக்கும், ஓசையும் குறையும்.

காதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வுக் கழகம் தரும் அளவின்படி, 85 டெசிபல் ஒலியில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். அடைத்த அறையில் டிரம் செட்டோ நெருக்கமாக நிற்கும் உறுமிக் குழுவோ இந்த அளவை எளிதில் எட்டிவிடும். வாசித்து முடித்த பிறகு காதில் 'ங்' என்று ரீங்காரம் கேட்டால் அது எச்சரிக்கை. இழந்த செவித்திறன் திரும்ப வராது. மருந்தகத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் காதடைப்பானை வாங்கி வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேரத்துக்கு வருவோம். எஸ்.பி.எம். ஆண்டில் இருப்பவருக்கு இதற்கெல்லாம் பொழுது ஏது? நாளொன்றுக்கு 30 நிமிடம் போதும். மெதுவான ஒற்றை அடிக்கு 5 நிமிடம், ஒரு ருடிமென்டுக்கு 10 நிமிடம், சொற்கட்டுக்கு 5 நிமிடம், ஒரு பாடலுக்கு 10 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் அரை மணி நேரம் வாசிப்பதே கைக்குப் பதியும். இரவு எட்டு மணிக்குப் பிறகு தோல் கருவியைத் தொடுவதில்லை என்று நீங்களே ஒரு விதி வைத்துக்கொண்டால், அண்டை வீட்டார் முகத்திலும் மாற்றம் தெரியும்.

மூன்றாம் காது: மனிதர்கள்

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். நம் நாட்டில் உறுமி வாசிக்கும் இளைஞனின் நிலையும் அதுதான். வீட்டில் "படிப்பு கெட்டுவிடும்" என்கிறார்கள். வெளியில் "குண்டர் கும்பல்" என்று ஒதுக்குகிறார்கள். தைப்பூசம் வந்தால் இசைக்குழுக்களுக்கான விதிமுறைகள் விவாதப் பொருளாகின்றன. அது முடிந்ததும் அந்த இளைஞர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பக்கத்துச் சமூகத்தைப் பார்ப்போம். 1988-இல் ஜொகூர் பாருவில் '24 பருவ முரசு' என்ற கலை உருவானது. சீன வேளாண் நாள்காட்டியின் 24 பருவங்களின் பெயர்களை 24 முரசுகளுக்கு இட்டு, ஃபூன் யூ இடைநிலைப்பள்ளி மாணவர்களைக் கொண்டு தொடங்கினார்கள். இன்று அது நாடு முழுவதும் பள்ளிகளில் பரவி, வெளிநாடுகளுக்கும் போயிருக்கிறது. அந்தக் கலைக்கு நம் உறுமியின் வயதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஆனால் அதற்கு ஒரு பள்ளி கிடைத்தது, பயிற்சி அட்டவணை கிடைத்தது, மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லித்தரும் வரிசை கிடைத்தது. உறுமிக்குத் தெருவும் திருவிழாவும் கிடைத்தன. அத்தகைய பள்ளி வழி பரவலாக அமையவில்லை.

அமைத்துக்கொள்ள முடியாதா? இடைநிலைப்பள்ளிகளில் தமிழ்மொழிக் கழகங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களில் இந்தியப் பண்பாட்டு அமைப்புகள் இருக்கின்றன. பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உரியது. தாளக் குழு ஒன்றைக் கழகத்தின் கீழ் முறையாகப் பதிந்து, பொறுப்பாசிரியர், வாராந்தரப் பயிற்சி, ஆண்டுக்கு ஒரு படைப்பு என்று நடத்தினால், "படிப்பு கெட்டுவிடும்" என்ற பெற்றோருக்கு அதுவே பதில். கோயில் நிர்வாகங்களும் விதிமுறைகளை அறிவிப்பதோடு நின்றுவிடாமல், குழுக்களை முன்கூட்டியே அழைத்து, அனுபவமுள்ள தவில், மிருதங்கக் கலைஞர்களைக் கொண்டு ஓரிரு நாள் பட்டறை நடத்தலாம். கட்டுப்பாடு மட்டும் விதித்தால் ஒலி குறையும். கற்றுக்கொடுத்தால் தரம் உயரும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பினாங்கில் 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' போன்ற கலை அமைப்புகள் இருக்கின்றன. மாதந்தோறும் கட்டணம் கட்ட இயலாதவர்கள்கூட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுபவமுள்ள ஒருவர் முன் அமர்ந்து ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டலாம். குச்சியைப் பிடிக்கும் விதத்தில் உள்ள ஒரு கோளாறை அவர் ஒரு நிமிடத்தில் கண்டுவிடுவார். ஆறு மாதம் காணொளி பார்த்தாலும் அது நமக்குப் புலப்படாது. கிட்டார் வாசிக்கும் நண்பர், பாடும் தோழி, தப்பு அடிக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தா என்று யாரோடாவது வாரம் ஒருமுறை சேர்ந்து வாசியுங்கள். பிறர் மூச்சு விடும் இடத்தில் நிறுத்தவும், அவர்கள் உயரும் இடத்தில் உயர்த்தவும் அங்கேதான் பழகுவீர்கள். தாளம் என்பது மற்றவர்கள் நடக்கப் போடும் பாதை. தனி அறையில் அதைப் போட்டுப் பார்க்கலாமே தவிர, யாராவது நடந்தால்தான் அது பாதையா என்று தெரியும்.

மாணவ நண்பர்களே, நாளை மாலை நீங்கள் குச்சியை எடுக்கும்போது காணொளியைத் திறப்பதற்கு முன் மெட்ரோனோமைத் திறங்கள். 60-இல் வையுங்கள். ஐந்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவைத் தேதியிட்டுச் சேமித்துவிட்டு, அடுத்த தைப்பூசத்துக்குள் இன்னொன்றைப் பதிவு செய்து இரண்டையும் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். வளர்ந்திருக்கிறீர்களா என்பதை அவருடைய காது சொல்லும்.